இடது தோள்

மார்ச் 4

சுயம்புவுக்கு,

உன் பேட்டியைப் படித்தேன். தேடிப் போய்ப் படிக்கவில்லை. பல் மருத்துவரின் வரவேற்பறையில் வேறு பத்திரிகை கிடைக்கவில்லை. நடுப்பக்கத்தில் நீ ஒரு நாற்காலியில் கோணலாக உட்கார்ந்திருக்கிறாய். கீழே கொட்டை எழுத்தில், "எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. துணிதான் கற்றுத் தந்தது."

எந்தத் துணி? என் கடையில் இத்தனை வருடமாக அலமாரி அலமாரியாகத் துணி அடுக்கி வைத்திருக்கிறேன். ஒன்றுகூட என்னிடம் வாயைத் திறந்ததில்லை. உன்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருக்கிறது போல. ஊசியில் நூல் கோக்க வராமல் நூல் முனையை எச்சில் பண்ணியே ஈரமாக்கிக்கொண்டிருந்தவள் நீ. அப்போது அந்தத் துணி எங்கே போயிருந்தது?

உன் அம்மா அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து காஜா இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தாள். நான் கிழித்துப் போட்டேன். மறுநாள் இன்னொரு பிரதி வாங்கி ஒட்டிவிட்டாள். அக்கா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் அவளையும் சேர்த்துக் கிழித்திருப்பேன்.

பேட்டியைக்கூட மன்னித்துவிடலாம். படங்களைப் பார்த்தேன். நீ தைத்ததாகப் போட்டிருக்கும் எல்லா உடைகளிலும் இடது தோளில் தையல் அரை விரல் கீழே இறங்கியிருக்கிறது, அதன் மேல் ஒரு மடிப்பு சரிந்து விழுகிறது. அந்தத் தோளைப் பார்த்தால் இது இன்னார் கடை என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். பெரிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டால் அது உன்னுடையதாகிவிடுமா?

பேட்டி வெளிவந்த பிறகு வேறொரு பத்திரிகைக்காரி என் கடைக்கு வந்தாள். "உங்ககிட்டதான் கத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டாள். "கத்துக்கலை, களவாடிட்டுப் போயிட்டா" என்றேன். போட்டுக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னேன்.

போன் பண்ணாதே. உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். எப்படித் தடுப்பது என்று உன் அம்மாதான் காட்டிக்கொடுத்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுது. எழுதும்போது உனக்கு வாய் கொஞ்சம் குறையும்.

உன் சித்தி
(பேட்டியில் விடுபட்டுப்போன தகவல்)

மார்ச் 11

அன்புள்ள சித்திக்கு,

"அன்புள்ள" என்பது பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. பேனாவில் எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் கற்றுத் தந்ததைப் பேட்டியில் சொல்லாமல் விட்டது தப்புதான். சொல்லியிருக்க வேண்டும். தரையில் சிதறும் குண்டூசிகளைக் காந்தத்தால் பொறுக்கக் கற்றுத் தந்தீர்கள். பருமனான வாடிக்கையாளரின் இடுப்பு அளவை அவர் எதிரில் வாய்விட்டுப் படிக்காமல் இருக்கவும், அவர் படியிறங்கிய பிறகு வாய்விட்டுச் சிரிக்கவும் கற்றுத் தந்தீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டூலில் ஏறி நிற்கக் கற்றுத் தந்தீர்கள். "நேரா நில்லு." அப்பா போன பிறகு நானும் அம்மாவும் உங்கள் மாடிக்கு வந்த நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தைகள் இவைதான்.

எந்தப் புது உடையையும் முதலில் வெள்ளைப் பருத்தியில் தைத்து யாராவது ஒரு நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, குனிந்து, சாப்பிட்டு, படியேறிப் பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் நல்ல துணியில் கத்தரி வைக்க வேண்டும் என்பது உங்கள் கடைச் சட்டம். அந்த யாராவது எப்போதும் நான்தான். தெருப்பிள்ளைகள் எல்லாம் பந்து விளையாடினார்கள். நான் யாரோ ஒரு வக்கீல் அம்மாவின் கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு கடைச் சட்டை வாங்கித் தந்திருக்கிறீர்களா? வகுப்பில் எல்லோரும் படம் போட்ட பனியன் போட்டுக்கொண்டு வருவார்கள். எனக்குச் சீருடை, இரவு உடை, மழைக்கோட்டு வரைக்கும் உங்கள் கையால்தான். தோழி ஒருத்தி பிறந்தநாளுக்குக் கொடுத்த சட்டையைத் தரை துடைக்கப் போட்டீர்கள். "என் வீட்டுப் பொண்ணு அடுத்தவன் தையலைப் போடக் கூடாது" என்றீர்கள். கர்வத்தை அளக்க நாடா இருந்தால் உங்களுக்கு இரண்டு நாடாவை ஒட்டுப் போட வேண்டியிருக்கும்.

இனி தோள் விஷயம். உங்கள் கடையில் அளவு எடுத்தது என்னை வைத்து. மாதிரி தைத்துப் பார்த்தது என் மேல். சரிந்திருப்பது என் இடது தோள். அதை நான் களவாடிக்கொண்டு வந்துவிட்டேன் என்றால், ஆமாம். உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்ததால் உங்கள் கடையிலேயே விட்டுவிட்டு வர முடியவில்லை.

நீங்கள் பத்திரிகைக்காரியிடம் சொன்னது அச்சாகிவிட்டது. இங்கே என்னைத் தலைமை வடிவமைப்பாளராக அறிவிக்க இருந்தார்கள். முதலாளி அதை நிறுத்தி வைத்துவிட்டார். "திருட்டுத் தோளோட என் நிறுவனம் மேடை ஏறாது" என்கிறார். இந்த மாதம் முடிந்ததும் அவரே உங்கள் கடைக்கு வருகிறார். அந்தத் தோள் யாருடையது என்று கேட்பார். உங்களுடையது என்று சொல்லிவிட்டீர்களானால் பதவி மட்டுமல்ல, இப்போது இருக்கிற வேலையும் போய்விடும். இந்தத் தொழிலில் அதன் பிறகு என்னைப் பித்தான் தைக்கக்கூட யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

உதவி கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லிப் பாருங்கள். உங்களுக்கும் ஒரு மாற்றமாக இருக்கும்.

உங்கள் அக்கா மகள்

மார்ச் 15

சுயம்புவுக்கு,

கெஞ்சுகிற கடிதத்தை இத்தனை திமிராக எழுத உன்னால்தான் முடியும். அதை மட்டும் துணி நன்றாகக் கற்றுத் தந்திருக்கிறது.

உன் தோளா? தோள் எல்லோருக்கும்தான் இருக்கிறது. பஸ்ஸில் ஏறிப் பார், கோணல் தோள்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அதில் எத்தனை பேர் ஆடை வடிவமைப்பாளர்? தையலை எங்கே இறக்க வேண்டும், மடிப்பை எங்கே தொடங்கி எங்கே விட வேண்டும் என்று கண்டுபிடித்தது யார் கை? நீ நின்றாய். நிற்பதற்குப் பெயர் வேலை என்றால் கடை வாசலில் இருக்கும் விளக்குக் கம்பம் உன்னைவிட மூத்த கலைஞர்.

அந்தப் பாடகி என் உடையைப் போட்டுக்கொண்டு மேடை ஏறிய மறுநாள் வாசலில் நின்ற கூட்டத்தை மறந்துவிட்டாயா? "அதே தோள் வேணும், அதே தோள் வேணும்" என்று எத்தனை பேர் வந்தார்கள். அப்போது நீ கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்டு மாடியில் அழுதுகொண்டிருந்தாய்.

உன் முதலாளியின் படத்தையும் பத்திரிகையில் பார்த்தேன். வீட்டுக்குள்ளேயே கறுப்புக்கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறான். நிறம் பார்த்துத் துணி எடுக்கிற தொழிலில் இருப்பவன் கறுப்புக்கண்ணாடி போடுவது சமையல்காரன் மூக்கை அடைத்துக்கொண்டு சமைப்பது மாதிரி. எனக்குப் பிறகு உனக்கு வாய்த்த குரு இவன். நல்ல தேர்வு.

என் கடையை விட்டுப் போன அன்று ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போனாயா? கத்தரியை வெட்டுமேசை மேல் வைத்துவிட்டு, பாதி வெட்டின கோட்டுக் கையை அப்படியே விட்டுவிட்டுப் போனாய். அந்தக் கோட்டு யாருடையது தெரியுமா? வேண்டாம், உனக்கு எதற்கு.

அவன் வரட்டும். நான் பேசிக்கொள்கிறேன்.

சித்தி

மார்ச் 20

சித்தி,

"அன்புள்ள" இந்தத் தடவை வரவில்லை. கவனமாக இருந்தேன்.

பாடகி கதையை என்னிடமே சொல்கிறீர்களே, அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அன்றைக்கு நான் மாடியில் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. என் பள்ளிக் கடைசி வருட ஆண்டு விழா உடைக்காக நீங்கள் வெட்டி வைத்திருந்த மாதிரிக் காகிதத்தை, பாடகியுடையது என்று நினைத்து அம்மா மாற்றி எடுத்துவிட்டாள். பட்டுத் துணியை வெட்டித் தைத்து முடித்து அந்த அம்மாள் போட்டுப் பார்க்கும்போதுதான் இடது தோள் நழுவி நின்றது. வேறு துணி இல்லை, நேரமும் இல்லை. நீங்கள் அம்மாவைத் திட்டிய திட்டில் எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. பாடகி வேறு வழி இல்லாமல் அதையே போட்டுக்கொண்டு போனார். மறுநாள் யாரோ ஒருவர் பத்திரிகையில் "நழுவுவதே ஒரு துணிச்சல்" என்று எழுதினார். அதை நீங்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினீர்கள். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சரி, என் அளவில் எதற்கு அந்தத் தோள் சரிந்திருந்தது? அதையும் நானே சொல்கிறேன், நீங்கள் பூசி மெழுகிவிடுவீர்கள். எனக்குப் பத்து வயது. யாரோ ஒரு பெரிய மனுஷியின் மகளுடைய கவுனை என்மேல் போட்டு, கீழ்விளிம்புக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தீர்கள். மதியச் சாப்பாட்டிலிருந்து ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தேன். தலை சுற்றுகிறது என்றேன். "நேரா நில்லு" என்றீர்கள். விழுந்தேன். கழுத்தெலும்பு முறிந்து கோணலாக ஒட்டிக்கொண்டது. நான் தரையில் கிடக்கும்போது நீங்கள் அம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "துணி கிழிஞ்சுதா பாரு."

வலிக்கிறதா என்று ஒரு தடவைகூட நீங்கள் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை, அதன் பிறகும் கேட்கவில்லை.

நீங்கள் அவரிடம் அந்தத் தோள் உங்களுடையது என்று சொன்னால், நான் அவருக்கு முன்னால் சட்டைக் காலரை இறக்கி அந்த எலும்பைக் காட்டுவேன். அதன் பிறகு எந்தக் கடை யாரிடமிருந்து எதை எடுத்தது என்று ஊரே பேசட்டும்.

அக்கா மகள்

ஏப்ரல் 2

சுயம்புவுக்கு,

உன் கறுப்புக்கண்ணாடி நேற்று வந்தான். காலரை இறக்க வேண்டிய அவசியம் உனக்கு வராது. விவரமாகச் சொல்கிறேன், அவன் உன்னிடம் வேறு மாதிரி சொல்லிவைப்பான்.

உள்ளே வந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பொம்மை மேல் போட்டிருந்த நீல உடையிடம் போய் அதன் தோளைத் தடவினான். எனக்குக் கை பரபரத்தது.

"இந்தச் சரிவுல ஒரு சோகம் இருக்கு மேடம்" என்றான்.

"பிடிச்சு இழுக்காதீங்க, சும்மா ஓட்டுத் தையல்தான் போட்டிருக்கு" என்றேன்.

"ஒரு காலமே தோள் தளர்ந்து நிக்கிற மாதிரி இருக்கு. இப்படி ஒண்ணை யோசிக்க ஒரு மேதையாலதான் முடியும். அது நீங்களா, உங்க அக்கா பொண்ணா? எனக்கு அது தெரிஞ்சாப் போதும்."

நான் என்ன சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துத்தான் வைத்திருந்தேன். நன்றாகத் தலை வாரி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, "நான்தான்" என்று சொல்லத்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் என்னடாவென்றால் கண்ணை மூடிக்கொண்டு தோள், காலம், சோகம் என்று அளந்துகொண்டே போகிறான். உன் அம்மா காஜா இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து சிரித்துவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை.

"யாரும் யோசிக்கலை. ஒரு பொண்ணு ஸ்டூல்லேருந்து விழுந்துச்சு. எலும்பு கோணலா ஒட்டிச்சு. அவளுக்கு வெட்டி வச்ச காகிதத்தை, தோ அங்க உட்கார்ந்து சிரிக்கிறாளே, அவ மாத்தி எடுத்துட்டா. இதுதான் உங்க காலமும் சோகமும்" என்றேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றினான். உள்ளே சாதாரணக் கண்தான். நான் வேறு எதையோ எதிர்பார்த்தேன்.

"அப்ப இது டிசைனே இல்லையா?"

"இல்லை."

"அப்ப அவங்க உங்ககிட்டேருந்து திருடலை."

"அவ தோளை அவ எப்படிய்யா திருடுவா? இந்த மூளையை வச்சுக்கிட்டா கம்பெனி நடத்துறீங்க?"

டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

உனக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பொய் சொல்வதற்கும் எதிரில் ஒரு தகுதியான ஆள் வேண்டும். அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு என் பொய்யை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். விஷயம் அதற்குள் வெளியே போய்விட்டது. இன்று காலையில் ஒரு வாடிக்கையாளர் போன் பண்ணி, போன வருடம் வாங்கின உடையில் தோளை "சரி பண்ணித் தர முடியுமா" என்று கேட்டாள். அதே தோளுக்காக என் வாசலில் தவம் கிடந்தவள் அவள். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

துணி கிழிந்ததா என்று கேட்டேன் என்கிறாய். கேட்டிருப்பேன். அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று நீ எழுதவில்லை. உனக்குத் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

சித்தி

ஏப்ரல் 9

அன்புள்ள சித்திக்கு,

பதவி கொடுத்துவிட்டார்கள். தலைமை வடிவமைப்பாளர். கண்ணாடி அறை, பெரிய வெட்டுமேசை, கதவில் பெயர்ப்பலகை. உங்கள் புண்ணியத்தில் என்று எழுத மாட்டேன், உங்கள் கொழுப்பினால் கிடைத்தது.

ஒரே ஒரு நிபந்தனை. தோள் இனி நேராக இருக்க வேண்டும். சோகமும் காலமும் காணாமல் போய்விட்டன. "ஆக்சிடெண்டை எல்லாம் விக்க முடியாதும்மா" என்கிறார் முதலாளி. சரி என்றேன். எனக்கும் நிம்மதிதான். முதல் சட்டையை இரண்டு பக்கமும் ஒரே அளவாக, கோடு போட்ட மாதிரி நேராக வெட்டினேன். உங்கள் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வெள்ளைப் பருத்தியில் தைத்து அன்று முழுக்க நானே போட்டுக்கொண்டு திரிந்தேன்.

காலையில் கணக்குப் பிரிவுப் பெண் கேட்டாள், "தோள்ல என்ன ஆச்சு?" லிப்ட்காரர் கேட்டார், "அடிபட்டுதாம்மா?" சாப்பிடும்போது பக்கத்தில் இருந்தவள் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது இன்னும் மோசம்.

சித்தி, இத்தனை வயது வரைக்கும் என்னை யாரும் இதைக் கேட்டதே இல்லை. பள்ளியில்கூட. மாறுகண்ணுக்கு ஒரு பட்டப்பெயர், திக்குவாய்க்கு ஒரு பட்டப்பெயர், காது பெரிதாக இருந்தவனுக்கு இரண்டு என்று யாரையும் விட்டுவைக்காத பிள்ளைகள் என்னை ஒன்றும் சொன்னதில்லை. என் தோள் அவ்வளவு ஒன்றும் கோணல் இல்லை போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உடை மாற்றும் அறைக் கண்ணாடியில் அன்றுதான் பார்த்தேன். இடது பக்கம் ஈரத் துண்டைப் போட்ட மாதிரி தொங்குகிறது.

அம்மாவுக்குப் போன் பண்ணினேன். முதலில் மழுப்பினாள், பிறகு சொல்லிவிட்டாள். கட்டு பிரித்த அன்று என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பார்த்துவிட்டு, நீங்கள் கடையை மூடிவிட்டீர்களாம். என் பள்ளிச் சீருடையை எடுத்துவைத்துக்கொண்டு தைப்பதும் பிரிப்பதுமாக நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தீர்களாம். "'ஒருத்தரும் திரும்பிப் பாக்கக் கூடாது, ஒருத்தரும் பாக்கக் கூடாது'ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா. அந்த மடிப்பு வர்ற வரைக்கும் உன்னை ஸ்கூலுக்கே அனுப்பலை" என்றாள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறது. காய்ச்சல் இருந்ததாக ஞாபகம் இல்லை.

சீருடை, இரவு உடை, மழைக்கோட்டு. அந்தத் தோழி கொடுத்த சட்டை. அதை ஒரு தடவை போட்டுக்கொண்டு போயிருந்தால் போதும், மறுநாளே எனக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்திருக்கும்.

எனக்கு உங்கள் மேல் கோபம் போகவில்லை. இன்னும் அதிகமாகத்தான் ஆகியிருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? தோளை மறைத்தது சரி, இதை எதற்கு மறைத்தீர்கள்? உங்களைக் கேவலமாக நினைத்துக்கொண்டே நான் வளர்ந்திருக்கிறேன், அந்தக் கேவலத்தையும் நீங்களே அளவெடுத்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். உடை மாற்றும் அறையிலேயே தாழ்போட்டுக்கொண்டு அழுதேன். நன்றாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள், நான் உங்களால் அழுவது இது முதல் தடவை இல்லை.

மாதக் கடைசியில் எங்கள் நிகழ்ச்சி. முடிவில் நான் மேடைக்கு வந்து நிற்க வேண்டும், நிறுவனத்தின் புதுச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதாவது அந்த நேர்ச் சட்டை. அதில் எனக்கு மட்டுமாவது அந்த மடிப்பை வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன், வரவில்லை. இதுவரை உங்கள் பழைய காகிதத்தை வைத்துத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. புதுச் சட்டையில் அதை எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

துணியும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் அக்கா மகள்

ஏப்ரல் 13

சுயம்புவுக்கு,

உன் அம்மாவுக்கு வாயில் காஜா எடுத்துப் பித்தான் போட வேண்டும். அவள் சொல்வதை எல்லாம் நம்பாதே. மழைக்கோட்டு தைத்தது துணி மீந்துபோனதால்.

உன் தையலை வைத்துக்கொண்டு தலைமைப் பதவி கொடுத்திருக்கிறார்கள் என்றால் அந்த நிறுவனத்தை நினைத்துத்தான் பாவமாக இருக்கிறது. சட்டையை அனுப்பு. தோளைப் பிரிக்காதே, நீ பிரித்தால் துணி வீணாகிவிடும். அளவு எழுதி அனுப்ப வேண்டாம், எனக்குத் தெரியும். மடிப்பு வெளியே தெரியாது, உள்பக்கம் வேலை செய்து அனுப்புகிறேன். உன் முதலாளி அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் அவனுக்கு நேராகத்தான் தெரியும்.

நிகழ்ச்சிக்கு நான் வர மாட்டேன். கூப்பிடாதே. உன் அம்மா வருவாள், அவளுக்கு முன்வரிசையில் இடம் போடு. நீ பாதியில் விட்டுவிட்டுப் போன கோட்டை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். அது உனக்குத் தைக்கத்தான் எடுத்தது, முடித்துவிட்டேன்.

மேடையில் என் குரல் காதில் கேட்கும். பழக்கம், போகாது. கேட்டாலும் விறைத்துக்கொண்டு நிற்காதே. அந்தச் சட்டைக்குள் உனக்கு எப்படி நிற்க வருகிறதோ அப்படி நில்.

வலிக்கிறதா?

சித்தி